அடிபட்ட பருவத்துக்குப் பிறகு அரை மாரத்தான்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டம் முடிந்து பெசன்ட் நகர் கடற்கரையில் டீ குடிக்கும்போது என்னிடம் வருகிற சந்தேகங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான். நான் வேகமாக ஓடுகிறவள் என்பதால் யாரும் கேட்பதில்லை. ஒரே பருவத்தில் மூன்று தடவை அடிபட்டவள் என்று ஒரு பெயர் இருக்கிறது. ஜூலையில் குதிகால், செப்டம்பரில் கணைக்கால் எலும்பு, டிசம்பரில் கெண்டைக்கால் தசை. அந்த ஜனவரி சென்னை மாரத்தானை ஓரமாக நின்று கைதட்டிப் பார்த்தேன். அடுத்த ஜனவரியில் 2 மணி 48 நிமிடத்தில் அரை மாரத்தானை முடித்தேன்.

வாட்ஸ்ஆப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக் கை ஓய்ந்துவிட்டது. அதனால் இந்தத் தொகுப்பு. நான் டாக்டர் இல்லை, பிசியோவும் இல்லை, வங்கியில் வேலை. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

அக்கா, ஹாஃப் மாரத்தான்னா சரியா எவ்வளவு தூரம்? 21-ஆ, 21.1-ஆ?

21.0975 கி.மீ. முழு மாரத்தானான 42.195-இல் சரிபாதி. அந்த 97 மீட்டரைப் பயிற்சியில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கடைசியில் அதுதான் முடியவே மாட்டேன் என்று நிற்கும்.

ஆறு மாசமா ஓடவே இல்ல. ஜனவரிக்குள்ள ரெடி ஆக முடியுமா?

எந்த மாதத்தில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வலியே இல்லாமல் 45 நிமிடம் வேக நடை போக முடிகிற நாளிலிருந்து எண்ணுங்கள். அங்கிருந்து நிற்காமல் 30 நிமிடம் மெதுவாக ஓடுகிற நிலைக்கு வர நான்கு முதல் ஆறு வாரம். அங்கிருந்து அரை மாரத்தானுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு வாரம். ஆகமொத்தம் 14 முதல் 18 வாரம். ஆகஸ்டில் நடக்க ஆரம்பித்தவருக்கு ஜனவரி கைக்கு எட்டும். அக்டோபர் கடைசியில் வந்து கேட்டால் 10 கி.மீ. ஓடுங்கள் என்றுதான் சொல்வேன்.

இன்னொன்று, சென்னையில் வடகிழக்குப் பருவமழை சரியாக நீள ஓட்டங்கள் கூடுகிற நேரத்தில் வந்து நிற்கும். இரண்டு ஞாயிறு மழைக்குப் போகும் என்று முன்கூட்டியே கழித்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். தண்ணீர் தேங்கிய ரோட்டில் பள்ளம் எங்கே என்று தெரியாமல் கால் பிசகி வந்தவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

வலி சுத்தமா போயிடுச்சு. அப்போ பழைய மாதிரி ஓடலாம்தானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். என் மூன்று அடிகளில் இரண்டு வலி போன பிறகு வந்தவை.

நுரையீரலும் இதயமும் சீக்கிரம் பழைய நிலைக்கு வந்துவிடும். சில வாரத்திலேயே மூச்சு சீராகும். தசைக்கு அதைவிட நாளாகும். தசைநாணும் எலும்பும் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். மூச்சு வாங்கவில்லையே என்று வேகத்தைக் கூட்டுவோம், அடியில் இருக்கிற எலும்பு அதற்குத் தயாராக இருக்காது. ஆகஸ்டில் எனக்குக் குதிகால் வலி போனது. மூன்றே வாரத்தில், உடம்பு லேசாக இருக்கிறதே என்று, 8 கி.மீ.யிலிருந்து நேராக 14-க்குப் போனேன். அன்று காலை அத்தனை சுகமாக ஓடினேன். அடுத்த புதன்கிழமை மாடிப்படி இறங்கும்போது இடது கணைக்காலில் ஒரே புள்ளியில் சுருக்கென்றது. ஸ்ட்ரெஸ் காயம், அதாவது திரும்பத் திரும்ப விழுகிற சுமையில் எலும்பு விரிசல் விடத் தொடங்குவது. எட்டு வாரம் ஓட்டம் கிடையாது.

எட்டு வாரம் ஓடாததில் கெண்டைக்கால் மெலிந்துபோயிருந்தது. அது எனக்குத் தெரியவில்லை. டிசம்பரில் சின்னப் பையன்களோடு வேக ஓட்டத்துக்குப் போனேன். எலியட்ஸ் கடற்கரையில் ஷ்மிட் நினைவு மண்டபத்துக்குக் கொஞ்சம் முன்னால், பின்னாலிருந்து யாரோ கல்லால் அடித்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. தசை கிழிந்தால் அப்படித்தான் இருக்குமாம். மணலில் உட்கார்ந்து ஆட்டோவுக்குப் போன் பண்ணினேன்.

ஆகவே வலி போனதா என்று கேட்பதோடு, காலில் பலம் திரும்பியதா என்றும் சோதித்துப் பாருங்கள். எனக்குப் பிசியோ வைத்த சோதனைகள் மூன்று: 45 நிமிடம் வேக நடை, ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது 25 தடவை, ஒற்றைக்காலில் இருபது குதி. மூன்றிலும் வலி கூடாது, இரண்டு காலுக்கும் பெரிய வித்தியாசமும் கூடாது. முதல் நாள் என் வலது கால் 22 போட்டது. இடது கால் 9-இலேயே நடுங்க ஆரம்பித்துவிட்டது.

டாக்டர்கிட்ட எப்போ போகணும்? எக்ஸ்ரே நார்மல்னு வந்துச்சு, ஆனா வலிக்குது.

விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் எலும்பு வலிக்கிறது, ஒற்றைக்காலில் குதித்தால் சுருக்கென்கிறது, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்கிறது என்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள். எலும்பு நெடுகப் பரவலாக வலித்து, ஓட ஓடக் குறைந்தால் பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளிண்ட்ஸ், கணைக்கால் எலும்பை ஒட்டி வருகிற வலி. அதையும் வளரவிடக் கூடாது. இடுப்பு மடிப்பில், அதாவது தொடை தொடங்குகிற இடத்தில் உள்ளே ஆழமாக வலித்தால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் விரிசல் விட்டு, அது முழுதாக முறிந்தால் ஆபரேஷன்வரை போகும்.

ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். எம்.ஆர்.ஐ.யில் தெரியும். என் எக்ஸ்ரேயும் நார்மல்தான். அதை வைத்துக்கொண்டு நான் பத்து நாள் ஓடினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

லேசான வலியோட ஓடலாமா? இல்ல, துளி வலி வந்தாலும் நிறுத்தணுமா?

எலும்பு என்றால் துளிகூடக் கூடாது. தசைநாண், குதிகால், முட்டி போன்றவற்றுக்குப் பிசியோக்கள் பத்துக்கு எத்தனை என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மூன்றுவரை பரவாயில்லை, ஆனால் ஓட ஓடக் கூடக் கூடாது, மறுநாள் காலை எழும்போது முந்தைய நாளைவிட மோசமாக இருக்கக் கூடாது. இதில் மறுநாள் காலைதான் நம்பகமான சாட்சி. ஓடும்போது உடம்பு சூட்டில் எல்லாம் மரத்துப்போயிருக்கும்.

நடையை மாற்றி நொண்ட வைக்கிற வலிக்கு எண்ணே தேவையில்லை. நிறுத்திவிட்டு நடந்து வீட்டுக்கு வாருங்கள்.

காலைல எழுந்து முதல் அடி வெச்சா குதிகால் குத்துது. கொஞ்ச நேரத்துல சரியாயிடுது. விட்டுடலாமா?

அதுதான் பிளான்டர் ஃபேசியைடிஸ். பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்வரை ஓடுகிற பட்டையான திசுவில் வருகிற கோளாறு. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் விட்டுப் பிடித்தால் அந்த ஒரு வருஷமும் போய்விடும்.

எனக்குக் கைகொடுத்தது ஒரு சின்னப் பயிற்சி. துண்டைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வைத்து, மாடிப்படி விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று, குதிகாலை மூன்று விநாடி ஏற்றி, இரண்டு விநாடி நிறுத்தி, மூன்று விநாடி இறக்குவது. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். சமையலறை வாசற்படியில், குக்கர் விசில் எண்ணிக்கொண்டே செய்தேன். பருப்புக்கு மூன்று விசில் வருவதற்குள் ஒரு கால் முடிந்துவிடும். வீட்டு மொசைக் தரையில் வெறுங்காலோடு நடப்பதை மட்டும் கொஞ்ச மாதம் நிறுத்துங்கள்; ஒரு மெத்தென்ற செருப்பை வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளலாம். மாமியார் முதல் வாரம் முறைத்தார், அப்புறம் தனக்கும் ஒரு ஜோடி கேட்டார்.

வாரம் 10 சதவீதம்தான் கூட்டணும்னு எல்லாரும் சொல்றாங்களே, அது போதுமா?

வாரக் கூட்டுத்தொகையை வைத்துச் சொல்கிற அந்த விதிக்கு நாம் நினைக்கிற அளவு பலம் இல்லை. 2008-இல் வெளியான ஒரு ஆய்வுக்காக நெதர்லாந்தில் 532 புதிய ஓட்டக்காரர்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். 10 சதவீத விதிப்படி படிப்படியாக ஏற்றியவர்களுக்கும் வழக்கமான திட்டத்தில் ஓடியவர்களுக்கும் அடிபட்ட விகிதம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஐந்தில் ஒருவர்.

2025-இல் வெளியான இன்னொரு ஆய்வு 5,000-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் வாட்ச் பதிவுகளைப் பார்த்தது. கடந்த 30 நாளில் ஓடிய அதிகபட்ச தூரத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஒரே ஓட்டத்தில் தாவினால் அடிபடுவது கூடுகிறது என்று அதில் வந்தது. வாரக் கணக்கைவிட அந்த ஒற்றை ஓட்டம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. நான் 8-லிருந்து 14-க்குத் தாவியது அந்த ஆய்வுக்கு அட்டைப்படம் போடலாம்.

நான் மறுபடி ஏறிய வரிசை இது, ஞாயிறு நீள ஓட்டங்கள் மட்டும்: 10, 11, 12, 9, 13, 14, 15, 11, 16, 17. நடுவில் வருகிற 9-ம் 11-ம் வேண்டுமென்றே இறக்கிய வாரங்கள். வாரத்தில் மூன்றே நாள் ஓட்டம், மற்ற நாளில் சைக்கிளோ நீச்சலோ. இதற்கு முன்னால் வருகிற நடை-ஓட்டக் கட்டத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஆரம்பித்தேன்.

நடந்து நடந்து ஓடினா அது மாரத்தானா அக்கா? கேலி பண்ண மாட்டாங்களா?

பண்ணுவார்கள். 15-வது கி.மீ.யில் அவர்களைத் தாண்டிப் போகும்போது கையசைத்துவிட்டுப் போங்கள்.

நடை-ஓட்டத்தைப் பரப்பிய ஜெஃப் கேலோவே 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர். களைத்துப்போன பிறகு நடப்பதற்குப் பதிலாக முதல் நிமிடங்களிலிருந்தே இடைவெளி விட்டு நடக்க வேண்டும் என்பதுதான் அவர் முறை. நான் நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று தொடக்கத்திலிருந்தே வைத்துக்கொண்டேன். என் 2:48, கி.மீ.க்கு ஏறத்தாழ 8 நிமிடம்.

ஓடினா முட்டி தேஞ்சு போயிடும்னு வீட்ல சொல்றாங்க. ஏற்கெனவே ஒரு தடவ வலி வந்துச்சு வேற.

இது எல்லா வீட்டிலும் ஓடுகிற ரிக்கார்டு. 2017-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு அலசலில், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் இடுப்பு, முட்டித் தேய்மானம் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2, போட்டிக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களில் 13.3. நம்மைப் போன்றவர்கள் முதல் வரிசை. தேய்மானம் குறைவாக இருப்பவர்கள்தான் தொடர்ந்து ஓடுகிறார்கள் என்றும் வாதிக்கலாம், அதனால் இதை மருந்துச்சீட்டு மாதிரி நீட்டாதீர்கள். வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் சொல்லப் போதும்.

முட்டிச் சிப்பியைச் சுற்றி வலிக்கிறவர்கள் காலடியைக் கொஞ்சம் சின்னதாக்கி, நிமிடத்துக்கு விழுகிற அடிகளை 5 சதவீதம் கூட்டிப் பாருங்கள். 160 என்றால் 168. முட்டி மேல் விழுகிற சுமை குறையும். முன்பாதம், கெண்டைக்காலுக்கு அந்த வேலை கொஞ்சம் கூடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஜிம் கட்டாயமா?

இல்லை. மாடிப்படி, ஒரு முதுகுப்பை, பத்துக் கிலோ அரிசி மூட்டை போதும். வாரம் இரண்டு நாள் கெண்டைக்கால், தொடை, இடுப்பு.

கார்பன் பிளேட் ஷூ வாங்கினா அடி படாதாமே?

யார் சொன்னது? 2023-இல் விளையாட்டு மருத்துவர்கள் சிலர் எழுதிய கட்டுரையில், கார்பன் தகடு ஷூ போட்டு ஓடி நடுப்பாதத்தில் நாவிகுலர் எலும்பில் ஸ்ட்ரெஸ் காயம் வந்த ஐந்து பேரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து பேரை வைத்து எல்லோருக்கும் ஆகாது என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனால் எலும்புக் காயத்திலிருந்து வருகிறவர் அந்தப் பரிசோதனையைத் தன் காலில் நடத்த வேண்டுமா? சாதாரணப் பயிற்சி ஷூ, போட்டால் உறுத்தாதது, 500-800 கி.மீ. ஓடியதும் மாற்றுவது. பந்தயத்தன்று புது ஷூ வேண்டாம்.

எனக்கு மட்டும் ஏன் திரும்பத் திரும்ப எலும்புலயே வருது?

இரண்டாவது தடவை எலும்பில் வந்தால் ஷூவையும் ரோட்டையும் குறை சொல்வதை நிறுத்திவிட்டுத் தட்டைப் பாருங்கள். ஓடுகிற அளவுக்குச் சாப்பிடவில்லை என்றால் உடம்பு எலும்பைப் புதுப்பிக்கிற வேலையையும் குறைத்துவிடும். காலை நாலரைக்கு வெறும் வயிற்றில் கிளம்பி, 15 கி.மீ. ஓடி, எட்டரைக்கு ஒரு காபியோடு ஆபீஸ் போய், மதியம்தான் சாப்பிடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது கிளம்பும் முன் ஒரு பழம், ஓட்டம் முடிந்த அரை மணியில் நாலு இட்லியும் ஒரு முட்டையும்.

பெண்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். ஓட்டம் கூடியபோது மாதவிடாய் நின்றுபோனால், இரண்டு மூன்று மாதம் வராமல் போனால், அது நல்ல பயிற்சியின் அடையாளம் இல்லை. எலும்புக்கு ஆபத்து வருகிறது என்று அர்த்தம். மகப்பேறு மருத்துவரிடம் ஓடுகிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரத்தத்தில் வைட்டமின் டி அளவையும் பார்த்துவிடுங்கள். வெயில் ஊரில் இருக்கிறோம், நமக்கு எங்கே குறையும் என்று நினைத்தேன். குறைவாகத்தான் இருந்தது.

வலி மாத்திரை போட்டுட்டு ஓடிடலாமா? ஒருநாள்தானே.

வேண்டாம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தத்தைக் குறைக்கும். சென்னைப் புழுக்கத்தில் வேர்த்துக் கொட்டி ஏற்கெனவே நீர் வற்றியிருக்கிற உடம்பில் அது இரட்டை அடி. நிறுத்து என்று கால் சொல்வதும் காதில் விழாது. மாத்திரை இல்லாமல் தொடக்கக் கோட்டுக்கு வர முடியவில்லை என்றால், பதில் கிடைத்துவிட்டது.

நீங்களே 10 சதவீதம்னு சொல்றீங்க. அப்புறம் 17-லேருந்து 21-க்குத் தாவறது மட்டும் எப்படி சரி?

நல்ல கேள்வி, பிடித்துவிட்டீர்கள். கணக்குப்படி சரியில்லை, 24 சதவீதம் தாவுகிறோம். ஆறேழு வாரம் கூடுதலாகக் கையில் இருந்தால் 20 வரை ஏறிவிட்டுப் போவதுதான் ஒழுங்கு. பெரும்பாலோருக்கு அந்த வாரங்கள் கிடைப்பதில்லை. அதனால் அன்றைய சுமையை வேறு வழியில் குறைக்க வேண்டியிருக்கிறது: பயிற்சி வேகத்தைத் தாண்டாமல் ஓடுவது, முதல் கி.மீ.யிலிருந்தே நடை இடைவெளி, முந்தைய இரண்டு வாரம் தூரத்தைக் குறைத்துக் காலுக்கு ஓய்வு.

எனக்கு 16-வது கி.மீ.யில் இடது கெண்டைக்கால் இறுகியது. நான்குக்கு ஒன்று என்றிருந்ததை இரண்டுக்கு ஒன்று ஆக்கினேன். 2:40 என்று மனசுக்குள் வைத்திருந்த எண் அங்கேயே போய்விட்டது. இறுக்கம் கூடவில்லை, அதனால் தொடர்ந்தேன். கூடியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பலர் கேட்கிறார்கள். ஆம்புலன்ஸ் பக்கம் போயிருப்பேன் என்று சொல்ல ஆசை. நொண்டிக்கொண்டே முடித்திருப்பேனோ என்று எனக்கே சந்தேகம்தான். அதனால்தான் வீட்டுக்காரரை 17-வது கி.மீ.யில் ஸ்கூட்டரோடு நிற்கச் சொல்லியிருந்தேன்.

பிப் (சட்டையில் குத்துகிற பந்தய எண் அட்டை) வாங்கியாச்சு, காசு கட்டியாச்சு. ஒரு வாரம்தான் இருக்கு, கால் இன்னும் சரியில்ல. என்ன பண்றது?

மேலே சொன்ன மூன்று சோதனைகளையும் இன்றே மறுபடி செய்யுங்கள். தேறவில்லை என்றால் 10 கி.மீ.க்கு மாற்றித் தருவார்களா என்று அமைப்பாளர்களிடம் கேளுங்கள்; சில பந்தயங்களில் உண்டு. இல்லை என்றால் டி-ஷர்ட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கட்டிய காசு ஓடினாலும் திரும்ப வராது, ஓடாவிட்டாலும் வராது. ஒரு எம்.ஆர்.ஐ. அதைப் போலப் பல மடங்கு. அடுத்தவர் பிப்பைப் போட்டுக்கொண்டு ஓடுவது மட்டும் கூடாது. மயங்கி விழுந்தால் உங்கள் ரத்த வகை, அவசரத் தொடர்பு எல்லாம் வேறு யாருடையதாகவோ இருக்கும்.

வலி இல்ல. ஆனா ஒவ்வொரு தடவயும் கால்ல ஏதாவது லேசா சுருக்குன்னா பயந்து நின்னுடறேன். இது எப்போ போகும்?

எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை. ஷ்மிட் மண்டபம் நெருங்கும்போதெல்லாம் இடது கால் தானாகவே கொஞ்சம் ஜாக்கிரதையாக விழும். ஒரு நோட்டில் தினமும் காலை முதல் அடியில் வலி பத்துக்கு எத்தனை என்று எழுதிவந்தது உதவியது. பயம் வந்த நாளில் பின்னால் புரட்டினால் 0, 1, 0, 0, 1 என்று வரிசையாக இருக்கும். உண்மையில் கூடுகிறதா, மனசுதான் கூட்டுகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அப்படியும் ஒருநாள் சந்தேகமாக இருந்தால் நடந்தே போய்விட்டு வருவேன். போன வாரம்கூடப் பாதியில் நடந்தேன். திருவான்மியூரிலிருந்து வந்த ஒரு தம்பி வண்டியை நிறுத்தி, "அக்கா, மறுபடியும் அடியா?" என்றான். இல்லப்பா, புதன்கிழமை என்றேன். அவனுக்குப் புரியவில்லை, புதன்கிழமை எனக்கு ஓய்வு நாள், மறந்துபோய்க் கிளம்பியிருந்தேன்.